குடும்பப் படத்துக்கு எத்தனை பேர்

என் கல்யாணத்துக்கு மண்டபம், சமையல், பூ, படம் எடுப்பவர் என்று எல்லா ஏற்பாட்டையும் அப்பாவும் அம்மாவும் சேர்ந்து போய்த்தான் பார்க்க வேண்டும் என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன். நான் நர்ஸ். வேலை வேறு ஊரில். எனக்கு லீவு கிடைப்பது குதிரைக் கொம்பு. அது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை நான் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. எட்டு வருஷமாக அவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசியதில்லை.

கோர்ட்டு, பஞ்சாயத்து என்று போனவர்கள் இல்லை. என் தம்பி இறந்து கொஞ்ச நாள் கழித்து அப்பா ஒரு பையில் நாலு சட்டையைத் திணித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போனார். ஊரின் அந்தக் கோடியில் ஒரு அறை எடுத்துத் தங்கினார். அம்மா தடுக்கவில்லை. அவ்வளவுதான்.

தம்பிக்கு அப்போது பதினாலு வயது. வாண்டு என்று கூப்பிடுவோம். காய்ச்சலில் படுத்திருந்தான். சாயங்காலம் அம்மா, "இவனைப் பார்த்தா சரியா படல, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிடலாங்க" என்றாள். அப்பா லிப்ட் மெக்கானிக். ஏதோ ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் ஆட்கள் லிப்டுக்குள் மாட்டிக்கொண்டார்கள் என்று அதே நேரத்தில் போன் வந்தது. "இதை முடிச்சிட்டு ஓடி வந்துடறேன். காய்ச்சல்தானே, காலைல பார்க்கலாம்" என்று கிளம்பிவிட்டார். காலையில் பார்க்க வாண்டு இல்லை. காய்ச்சல் மூளைக்குப் போய்விட்டது, முந்தின நாளே வந்திருந்தாலும் உறுதியாக எதுவும் சொல்லியிருக்க முடியாது என்றார் டாக்டர். அது இரண்டு பேர் காதிலுமே ஏறவில்லை. "ஊரான் பிள்ளைகளையெல்லாம் காப்பாத்தப் போனீங்களே" என்று அம்மா கேட்டாள். அதற்குப் பிறகு அவர்களுக்குள் பேச்சு என்று ஒன்று இருக்கவில்லை.

நான் ஊரில் இல்லாததால் அன்றைக்கு மண்டப வாசலில் அவர்கள் சந்தித்தபோது என்ன நடந்தது என்பதை நான் பார்க்கவில்லை. அம்மா போனில் மூச்சு விடாமல் சொன்னாள். அப்பா நாலு வரியில் முடித்துக்கொண்டார். இரண்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அப்பா முன்னாடியே வந்து வாசலில் நின்றிருந்தார். மேல்வரிசைப் பல் இரண்டு விழுந்திருந்தது. இளைத்துப்போனதில் சட்டை தோளில் தொங்கியது. அம்மாவுக்கு முதலில் அடையாளமே தெரியவில்லையாம். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள் அவள். நாள் பூராவும் அடுத்தவர் முகத்தை அளந்து பிரேம் மாட்டிவிடுகிறவளுக்கே அந்த முகம் பிடிபடவில்லை.

"வந்து நேரமாச்சா?" என்றாள்.

"இப்பத்தான்."

இரண்டு பேரும் வேறு வேறு திசையில் பார்த்துக்கொண்டு உள்ளே போனார்கள்.

மண்டப மேனேஜர் வாய் ஓயாத மனிதர். "ஐயா அம்மா ஜோடியா வந்து பார்க்கிறதே ஒரு அழகு. சில வீட்ல ஒருத்தர் வந்து பார்த்துட்டுப் போவாங்க, இன்னொருத்தர் வந்து குறை சொல்லுவாங்க" என்று முன்னால் நடந்தார். அவர் மேடையின் அழகைச் சொல்லிக்கொண்டிருக்க, அம்மா பின்பக்கமாகப் போய்ச் சமையற்கூடத்துச் சாக்கடையில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டிப் பார்த்தாள். அப்பா சுவிட்சுகளை ஒவ்வொன்றாகப் போட்டார். கழிப்பறைக் குழாயைத் திறந்து மூடினார். ஹாலில் மறுபடி எதிரெதிரே வந்தபோது இருவர் கண்ணும் ஒரே தூணில் போய் நின்றது.

"தூண் மறைக்குது" என்றார் அப்பா.

"அந்தப் பக்கம் உட்கார்றவங்களுக்குப் பொண்ணும் தெரியாது, மாப்பிள்ளையும் தெரியாது" என்றாள் அம்மா.

"அங்க நாற்காலி போடாம பந்திக்குப் போற வழியா விட்டுடலாம்."

"ஆமா, விட்டுடலாம்."

மேனேஜர் தலையாட்டிக்கொண்டு எழுதிக்கொண்டார். எங்கள் வீட்டுக்குக் குடிவந்தபோதும் அவர்கள் இப்படித்தான், ஒருவர் விட்ட இடத்தை இன்னொருவர் பார்த்தார்கள். நானும் வாண்டுவும் காலி அறைகளில் கத்தி எதிரொலி கேட்டுக்கொண்டு திரிந்தோம்.

அடுத்தது சமையல். ஒரு அம்மாள் தன் வீட்டுப் பின்கட்டிலேயே பெரிய அடுப்புகள் போட்டு, ஆட்களை வைத்துச் செய்கிறவர். மர மேசையில் சின்னச் சின்னக் கிண்ணங்களில் ருசி பார்க்க வைத்தார். குழம்பில் உப்பு கம்மி என்று அம்மா சொன்னாள், சரியாக இருக்கிறது என்று அப்பா சொன்னார். கடைசியில் இனிப்பு வந்தது. அப்பா கையை நீட்டுவதற்குள் அம்மா கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அவருக்குச் சர்க்கரை."

அப்பா திரும்பிப் பார்த்தார். "உனக்கு யார் சொன்னா?"

"பொண்ணு சொன்னா."

"வேற என்னவெல்லாம் சொன்னா?"

"மாத்திரையை ஒழுங்காப் போடறதில்லன்னு சொன்னா."

சமையல்கார அம்மாள் வாய்விட்டுச் சிரித்தார். "கொடுத்து வச்சவருங்க நீங்க. எங்க வீட்டுக்காரர் இருந்த காலத்துல நான் இப்படிக் கண்கொத்திப் பாம்பாப் பார்த்திருந்தா அவர் இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பாரு."

உப்பு ஒரு சிட்டிகை கூட்டச் சொல்லிவிட்டு அவரையே அமர்த்தினார்கள். பூக்கடையில் பெரிதாக ஒன்றுமில்லை. வெள்ளையும் மஞ்சளும் போதும், வாடாமல் வந்து சேர வேண்டும் என்று சொல்லிவிட்டு ஸ்டுடியோவுக்கு நடந்தார்கள். தன்னை ஓரமாக விட்டு அப்பா ரோட்டுப் பக்கமாக நடந்தார் என்று அம்மா சொன்னாள். ஏன் அதைக் குறிப்பிட்டாள் என்று நான் கேட்கவில்லை.

ஸ்டுடியோக்காரர் இளைஞர். நல்ல கலகலப்பு. கண்ணாடிக் கதவு, குளிர்சாதனம், பெரிய கம்ப்யூட்டர் திரை. இரண்டு பேருக்கும் நாற்காலி போட்டுவிட்டு, யார் யாரை எப்படி நிறுத்தி எடுப்பது என்று கேட்க ஆரம்பித்தார்.

"முதல்ல பொண்ணு வீட்டுக் குடும்பப் படம். எத்தனை பேர் நிப்பீங்க? உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?"

"ஒண்ணு" என்றார் அப்பா.

"ரெண்டு" என்றாள் அம்மா.

இரண்டும் ஒரே நேரத்தில் விழுந்தன. "என்னங்க இது, கணக்கு உதைக்குதே!" என்று அவர் சிரித்தார். யாரும் சிரிக்காததைப் பார்த்துச் சட்டென்று அடங்கினார்.

அம்மா எழுந்து கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போய்விட்டாள். அப்பா பின்னாலேயே போனார். வாசலில் ஒரு சைக்கிள் கடை. டயருக்குக் காற்றடிக்கும் இரைச்சல். அம்மா அவர் பக்கம் திரும்பினாள்.

"ஒண்ணா? எப்படிங்க வாய் வருது உங்களுக்கு? அவன் பொறக்கவே இல்லைன்னு முடிவு பண்ணிட்டீங்களா?"

"அப்படி இல்லம்மா."

"வேற எப்படி?"

அப்பா சைக்கிள் கடையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ரெண்டுன்னு சொன்னா, பையன் என்ன பண்றான்னு அடுத்த கேள்வி வரும். புது இடத்துக்கு ரிப்பேருக்குப் போனா கேப்பாங்க. டீக்கடைல கேப்பாங்க. முதல்ல ரெண்டு தடவை ரெண்டுன்னுதான் சொன்னேன். அடுத்த கேள்விக்கு எனக்கு வாய் திறக்கல. எப்படி இறந்தான்னு கேட்டா நான் என்ன சொல்ல? நான் லிப்டு ரிப்பேர் பண்ணப் போயிட்டேன்னு சொல்லவா? அதான் ஒண்ணுன்னு சொல்லிப் பழகிட்டேன்."

"நான் சொல்லுவேன்" என்றாள் அம்மா. "கடைக்கு வர்ற முன்ன பின்ன தெரியாதவங்ககிட்டக்கூட ரெண்டுன்னுதான் சொல்லுவேன். பையன் தவறிட்டான்னு சொல்லுவேன். சொல்லிட்டு வீட்டுக்குப் போய் அழுவேன். ஆனா ஒரு ஆள்கிட்டக்கூட ஒண்ணுன்னு சொன்னதில்ல."

அப்பா திரும்பி உள்ளே போனார். ஸ்டுடியோக்காரரின் முன்னால் போய் நின்றார். உட்காரவில்லை.

"தம்பி, எங்களுக்கு ரெண்டு பிள்ளைங்க. பையன் இல்ல. எட்டு வருஷம் ஆச்சு."

கதவுக்கு வெளியே நின்ற அம்மாவுக்கு அது கேட்டது. அவளும் உள்ளே வந்தாள்.

ஸ்டுடியோக்காரர் பதறிப்போய் எழுந்தார். "மன்னிச்சிடுங்க ஐயா, தெரியாமக் கேட்டுட்டேன்." அதோடு விட்டிருக்கலாம். ஆனால் நல்ல மனசு, ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. "பையன் படம் ஏதாவது இருக்குங்களா? இப்பெல்லாம் இல்லாதவங்களையும் குடும்பப் படத்துல சேர்த்துடலாம். ஒட்டினதே தெரியாது. வயசைக்கூட ஏத்திக் காட்டலாம். இன்னிக்கு இருந்தா எப்படி இருப்பாரோ அப்படியே பொண்ணு பக்கத்துல கோட்டு போட்டு நிறுத்திடலாம்." ஒரு வாடிக்கையாளரின் படத்தைத் திரையில் காட்டினார். மணப்பெண்ணின் தோளில் கைவைத்து ஒரு தகப்பன் நின்றுகொண்டிருந்தார். அவர் இறந்து ரொம்ப நாள் ஆகிறதாம்.

"வேண்டாம்" என்றாள் அம்மா உடனே. "அவனுக்கு அந்த வயசே ஆகல. ஆகாத வயசை எதுக்கு ஏத்தணும்?"

அப்பா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"ஒரு தடவை பார்க்கட்டுமா?" என்றார்.

அம்மாவால் நம்ப முடியவில்லை. ஒண்ணு என்று சொன்ன மனிதரா கேட்கிறார்?

"ஒரே ஒரு தடவைம்மா. எப்படி இருப்பான்னு தெரியாமலே... பஸ்ல அந்த வயசுப் பசங்களைப் பார்த்தா இவன் உயரம் இருப்பானா, மீசை வந்திருக்குமான்னு பார்த்துக்கிட்டே போறேன். இறங்க வேண்டிய இடத்தைக்கூட விட்டுடறேன்."

"படம் இருந்தா கொடுங்க" என்றார் ஸ்டுடியோக்காரர் மெதுவாக.

அப்பா சட்டைப் பையைத் தொட்டார், கையை எடுத்தார். "என்கிட்ட ஒண்ணுகூட இல்ல. வீட்ல இருந்து எதையும் எடுத்துட்டு வரல."

அவன் படம் ஒன்றுகூட வேண்டாம் என்று போய்விட்டாரே என்பது அம்மாவின் மனசில் இத்தனை வருஷமாகக் கிடந்த ஆத்திரம். என்னிடமே எத்தனையோ முறை சொல்லிச் சொல்லித் தீர்த்திருக்கிறாள். இப்போது அவர் முகத்தைப் பார்த்தாள். தன் போனை எடுத்தாள். வாண்டு பள்ளிச் சீருடையில், தலை வாராமல், ஒரு பக்கம் சட்டை வெளியே தொங்க, யாரையோ பார்த்துச் சிரிக்கிற படம். அதை ஸ்டுடியோக்காரரிடம் கொடுத்துவிட்டு, சுவரைப் பார்த்து நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

அதிக நேரம் ஆகவில்லை. மௌஸ் சத்தம் நின்றது. பிறகு எந்தச் சத்தமும் இல்லை. திரும்பிப் பார்த்துவிடக் கூடாது என்று மடியில் இருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாளாம் அம்மா. அப்பா என்ன பார்த்தார் என்பதை அவர்தான் எனக்குச் சொன்னார். நல்ல உயரமாக, லட்சணமாக, அரும்பு மீசையோடு ஒரு பையன். மூக்கு இவர் மூக்கு. கண் அம்மாவின் கண். பல்வரிசை முத்து மாதிரி. வாண்டுவுக்கு முன்பல் ஒன்று கோணல். அதைக்கூட நேராக்கிவிட்டிருந்தார் ஸ்டுடியோக்காரர்.

"இது யாரு?" என்றார் அப்பா.

"உங்க பையன்தாங்க ஐயா. இன்னும் வேணும்னா கொஞ்சம் மாத்தலாம்."

"இல்லப்பா. இது யாரோ வீட்டுப் பையன். நல்லாத்தான் இருக்கான். அவன் வீட்ல நல்லா இருக்கட்டும்."

அப்படிச் சொல்லும்போதே அவர் உடைந்துபோனார். முகத்தைக் கையால் மூடிக்கொண்டு நின்றபடியே அழுதார். அம்மா எழுந்தாள்.

"நீ பார்க்காத" என்றார், கையை எடுக்காமலேயே. "சத்தியமா பார்க்காத. அது அவன் இல்ல. தம்பி, அழிச்சிடுப்பா."

அம்மா பார்க்கவில்லை. அவர் கையைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தாள். ஸ்டுடியோக்காரர் படத்தை அழித்துவிட்டு, அழித்ததைக் காட்டி, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். பாவம், அவர் என்ன செய்வார்? படம் எடுக்க அவரையே பேசி முடித்தார்கள். "இருக்கிறவங்களை மட்டும் எடுங்க, போதும்" என்றாள் அம்மா.

பஸ் நிறுத்தத்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அம்மாவின் பஸ் வந்தது, போனது. அவள் அப்பாவின் நம்பரைக் கேட்டு வாங்கி, போனில் இருந்த படங்களை ஒவ்வொன்றாக அனுப்பினாள். ஒவ்வொன்றும் வந்து சேரச் சேர அப்பா பார்த்தார். ஒன்றில் வாண்டு என் துப்பட்டாவைத் தலையில் கட்டிக்கொண்டு கண்ணாடி முன் கோணங்கித்தனம் செய்துகொண்டிருந்தான். அதைப் பார்த்து இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். சிரித்ததற்குப் பிறகு என்ன செய்வது என்று தெரியவில்லை.

"அன்னிக்கு லிப்டுல மாட்டினாங்களே," என்றார் அப்பா, "அவங்க முகம்கூட எனக்கு ஞாபகம் இல்ல."

நீங்கள் போனது தப்பில்லை என்று சொல்ல அம்மாவுக்கு மனசு வரவில்லை. தப்பு என்று மறுபடி சொல்லவும் வரவில்லை. அடுத்த பஸ் வந்ததும் ஏறிக்கொண்டாள்.

கல்யாணம் நன்றாகவே நடந்தது. சாப்பாட்டைப் புகழாதவர் இல்லை. தூண் பக்கம் யாரும் உட்காரவில்லை. எல்லாம் முடிந்து நான் கிளம்பும்போது அம்மாவைத் தனியாக இழுத்துக்கொண்டு போனேன்.

"அப்பாவை வீட்டுக்கு வரச் சொல்லேன்மா. இனிமே நான் லீவுக்கும் அடிக்கடி வர முடியாது, நீ தனியாத்தானே இருக்கே."

அம்மா என் தலைப்பூவைச் சரிசெய்தாள்.

"கேட்டேன்டி. நேத்தே கேட்டேன். அவன் படுத்திருந்த ரூமைத் தாண்டித்தானே உள்ள போகணும், என்னால முடியாதுன்னாரு. வேற வீடு பார்க்கலாம், நீ வர்றியான்னாரு. நான் எப்படி வருவேன், சொல்லு? அவன் இருந்த வீடு."

அப்புறம் என் கன்னத்தைத் துடைத்துவிட்டாள். வெளியே அப்பா என் பெட்டியை வண்டியில் ஏற்றிவிட்டு, பூட்டு சரியாக இருக்கிறதா என்று இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி கிளம்பியது. அது தெருமுனை சேரும் வரை இரண்டு பேரும் சேர்ந்து நின்று கையாட்டினார்கள். வண்டி திரும்பும்போது பார்த்தேன். அப்பா இடது பக்கமும் அம்மா வலது பக்கமுமாக நடக்க ஆரம்பித்திருந்தார்கள்.