மூன்றாம் வகுப்பின் மீன்

மேசைமேல் கண்ணாடித் தொட்டியில் நீந்திக்கொண்டிருந்த தங்கமீன் எங்கள் வீட்டிலிருந்து போன மீன் இல்லை. வகுப்பறைக்குள் கால் வைத்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. துணிக்கடையில், வாங்கிய துணியைத் திருப்பிக் கொடுக்க வருகிறவர்களுக்கான கவுண்டரில் வேலை பார்க்கிறவள் நான். அக்குளில் வியர்வைக் கறையோடு சட்டையை நீட்டி, ‘ஒரு தடவைகூடப் போடல’ என்று சொல்கிறவர்களோடுதான் என் பொழுது போகிறது. எதையும் புரட்டிப் பார்க்காமல் நம்புவது எனக்கு வராது.

ஆனால் இதை வாய்விட்டுக் கேட்க முடியாத நிலை. ஏனென்றால் நாங்கள் திருப்பிக் கொடுத்ததே அசல் மீன் இல்லை.

என் தங்கை மகள் மூன்றாம் வகுப்பு. வீட்டில் அவளுக்குப் பொடிசு என்று பெயர். அவள் வகுப்பு மீனுக்குத் தொப்பை என்று பெயர். வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் தொப்பை ஒரு பிள்ளையின் வீட்டுக்குப் போகும். திங்கட்கிழமை காலை திரும்பி வரும். எங்கள் முறை வந்தபோது சுத்தக்காரியான என் தங்கை, தொட்டியைப் பாத்திரம் தேய்க்கிற சோப்புப் போட்டுப் பளபளவென்று கழுவி வைத்தாள். பொடிசு நீச்சல் வகுப்பிலிருந்து வருவதற்குள் தொப்பை மல்லாந்துவிட்டது. நான்தான் மூச்சு வாங்க ஓடி, அதே அளவில் ஒன்றை வாங்கி வந்து தொட்டியில் விட்டேன். பழையதற்கு வால் நுனி வெள்ளை. புதியதற்கு முதுகில் கருப்பாக ஒரு கோடு. வேறு கிடைக்கவில்லை.

ஒரு மீனுக்கு இவ்வளவு கூத்தா என்று யாரும் கேட்கலாம். மீன் பெரிதில்லை. வீட்டில் அதைவிடப் பெரிய பொய் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. என் தங்கை புருஷன் பெட்டியைக் கட்டிக்கொண்டு போனவன், வேறொருத்தியோடு குடும்பம் நடத்துகிறான். திரும்பி வரமாட்டேன் என்று போனில் முகத்தில் அடித்தாற்போலச் சொல்லிவிட்டான். தங்கையோ மகளிடம், “அப்பா தூரத்துல வேலையா இருக்காரு, ஸ்கூல் லீவு விட்டதும் வந்துடுவாரு” என்று சொல்லி வைத்திருக்கிறாள். மீன் விஷயம் தெரிந்தால் அம்மா பொய் சொல்வாள் என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடும். அது தெரிந்தால் அடுத்ததையும் பிள்ளை தோண்டும். தங்கையின் பயம் அதுதான்.

அந்த லீவு நாளையிலிருந்து. இன்று வகுப்பில் ஆண்டு நிறைவு விழா. குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். அப்பா நாற்காலிக்கு நான் வந்தேன்.

நாற்காலி என்று சொன்னதே அதிகம். முழங்கால் மோவாயில் இடிக்கும் குட்டி நாற்காலிகள். பிள்ளைகள் பாட்டுப் பாடினார்கள், வாய்ப்பாடு சொன்னார்கள், பல் விழுந்த ஒருத்தன் நாடகத்தில் மரமாக நின்றான். எல்லோரும் கைதட்டினார்கள். நான் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முன்வரிசையில் ஒரு பஸ் டிரைவர் மீனைப் பார்ப்பார், உடனே கூரையைப் பார்ப்பார். பல் டாக்டர் அம்மா ஒருவர் தொட்டிக்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்திருந்தார். இவர்களிடம் ஏதோ இருக்கிறது என்று என் மூக்கு சொல்லியது.

“அக்கா, எல்லாரையும் அப்படி முறைக்காத” என்று தங்கை கிசுகிசுத்தாள்.

“நான் எங்க முறைச்சேன்? என் கண்ணே அப்படித்தான்.”

அப்போது டீச்சர் எழுந்தார். “நம்ம தொப்பை எல்லார் வீட்டுக்கும் விருந்தாளியா வந்திருக்கான். உங்க வீட்டுல எப்படி இருந்தான்னு ஒவ்வொருத்தரா சொல்லுங்க.”

தங்கையின் கை என் மணிக்கட்டைப் பிடித்தது.

டிரைவர், “நல்லா இருந்துச்சு, நல்லா சாப்பிட்டுச்சு” என்றார். பல் டாக்டரும் நல்லா இருந்துச்சு, நல்லா சாப்பிட்டுச்சு என்றார். அடுத்தவரும் அதையே சொன்னார். எங்கள் முறை வந்ததும் தங்கை அதே வாக்கியத்தை ஒப்பித்துவிட்டு உட்கார்ந்தாள். இத்தனை பேர் ஒரே மாதிரி பேசினால் என் கவுண்டரில் நான் மேனேஜரைக் கூப்பிடுவேன்.

இடைவேளையில் தண்ணீர்க் குழாய் பக்கம் டிரைவரைப் பிடித்தேன். எங்களுக்கு அடுத்த வாரம் மீன் அவர் வீட்டுக்குத்தான் போயிருந்தது.

“சார், உங்க வீட்டுக்கு வந்தப்ப மீன் முதுகுல ஒரு கருப்புக் கோடு இருந்துச்சே?”

“கோடா?” தம்ளரை வாயிலிருந்து எடுத்தார். “கோடெல்லாம் ஒண்ணும் இல்லையே.”

“வந்தப்ப இல்லையா, போனப்ப இல்லையா?”

மனிதர் அக்கம்பக்கம் பார்த்தார். “மேடம், எங்க வீட்டுல பூனை இருக்கு. இதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, கவலையும் வந்தது. எங்களோடு நின்றிருந்தால் பரவாயில்லை. இத்தனை பேர் செய்திருந்தால் டீச்சருக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்தும் ஏன் ஒவ்வொருவரையும் எழுப்பிப் பேசவைத்தார்?

உள்ளே திரும்பியபோதுதான் பின்சுவரைப் பார்த்தேன். மீனை வீட்டுக்குக் கொண்டுபோன பிள்ளை திங்கட்கிழமை வந்ததும் அதைப் பார்த்து ஒரு படம் வரைய வேண்டுமாம். ஆண்டு முழுக்க வரைந்த படங்களைக் கயிறு கட்டி வரிசையாகக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருந்தார் டீச்சர். வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனேன். வால் நுனி வெள்ளை. வெள்ளை. வெள்ளை. அப்புறம் பொடிசின் படம். பென்சிலைக் கூராகச் சீவி, முதுகில் ஒரு கருப்புக் கோடு போட்டிருந்தாள். டிரைவர் மகன் படத்தில் கோடு இல்லை. பல் டாக்டர் மகள் படத்தில் வாய் வெள்ளை. பிள்ளைகள் பார்த்ததை வரைந்திருந்தார்கள், அவ்வளவுதான்.

பொடிசின் படத்தை விட்டு என்னால் நகர முடியவில்லை. அன்றைக்கே அவள் பார்த்திருக்கிறாள். பார்த்தும் வீட்டில் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எல்லோரையும் சந்தேகப்படுகிற நான், வீட்டுக்குள் இருந்த பிள்ளையை ஒருநாளும் சந்தேகப்படவில்லை. தங்கை என் பின்னால் வந்து நின்று படத்தைப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்துப்போனது.

டீச்சர் மணி அடித்தார். “லீவுல தொப்பை யார் வீட்டுக்குப் போறான்னு சீட்டுக் குலுக்கிப் போடலாமா?”

பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். பெரியவர்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். பென்சில் டப்பாவுக்குள் சீட்டுகளைக் குலுக்கி, மரமாக நின்றவனை எடுக்கச் சொன்னார். வந்தது எங்கள் பொடிசின் பெயர்.

அவள் எழுந்து நின்றாள். “எங்க வீட்டுக்கு வேண்டாம் டீச்சர்.”

“ஏன்டா?”

“எங்க வீட்டுல ஏற்கெனவே செத்துப்போச்சு. அம்மா வேணும்னு பண்ணல. அப்புறம் வேற வாங்கி வச்சாங்க.”

தங்கை எழுந்திருக்கப் பார்த்தாள். குட்டி நாற்காலி அவளோடு சேர்ந்து எழுந்தது. நான் டீச்சர் முகத்தையே பார்த்தேன். யாராவது ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னால் அங்கேயே உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவது என்று இருந்தேன்.

டிரைவர்தான் மெதுவாகக் கையைத் தூக்கினார், மாணவன் மாதிரி. “எங்க வீட்டுலயும் டீச்சர். பூனை.”

“எங்க வீட்டுல... ஏசி அதிகமாயிடுச்சு போல” என்றார் பல் டாக்டர்.

இன்னும் இரண்டு மூன்று கைகள் எழுந்தன. டீச்சர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “படத்தை மாட்டும்போதுதான் எனக்கே புரிஞ்சுது. யாராவது சொல்வீங்களான்னு பாத்தேன். சொல்றதுக்கு எனக்கும் வாய் இல்ல. நடுவுல விட்ட லீவுல என் வீட்டுலயும் ஒண்ணு போச்சு.”

அப்புறம் சிரிப்பு வெடித்தது. டிரைவர் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். பிள்ளைகளும் சிரித்தார்கள், அவர்களுக்கு இதில் எதுவும் புதிதில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. தங்கை மட்டும் சிரிக்கவில்லை. மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லோரும் பையும் படங்களுமாகக் கிளம்பினார்கள். வராந்தாவில் தங்கை குனிந்து மகளின் ஷூ லேஸைக் கட்டினாள். அது ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது.

“ஏன்மா அன்னைக்கே என்கிட்ட கேக்கல?”

“நீ அழுதிருப்ப.” பொடிசு சுவரில் சாய்ந்துகொண்டாள். “இன்னைக்கு எல்லாரும் சொல்லிட்டாங்க. நீ எப்போ சொல்லப்போற?”

“மீன் விஷயம்தான் தெரிஞ்சுபோச்சே.”

“மீன் இல்ல. அப்பா.”

நான் குறுக்கே புகுந்து ஏதாவது சொல்லிச் சமாளிக்க வாயெடுத்தேன். தங்கை கையைக் காட்டி என்னை நிறுத்தினாள். அப்படியே தரையில் உட்கார்ந்தாள். கடந்து போனவர்கள் பார்த்தார்கள், அவள் கவலைப்படவில்லை.

“அப்பா வரமாட்டாருடா. லீவுக்கும் வரமாட்டாரு, அதுக்கப்புறமும் வரமாட்டாரு. நான் உன்கிட்ட பொய் சொல்லிட்டேன்.”

“தெரியும்” என்றாள் பொடிசு.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்த ஆளின் மேல் வந்த கோபத்தில் கைப்பை வாரைப் பிடித்து முறுக்கினேன். இவ்வளவு நாளும் பிள்ளையை ஏமாற்றுகிறோம் என்று நினைத்து நாங்கள் இரண்டு பேரும் பக்கத்து அறையில் குசுகுசுவென்று பேசியதெல்லாம் வீண்.

பொடிசு அம்மாவின் மடியில் ஏறி உட்கார்ந்தாள்.

“அப்போ இனிமே போன் அடிச்சா நான் ஓடி வந்து ‘அப்பாவா’ன்னு கேக்க வேண்டாமில்லம்மா?”

“நீ நம்பாமலா கேட்ட?”

“கேக்கலைன்னா உனக்குச் சந்தேகம் வந்துடுமே.”

தங்கை அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். “வேண்டாம். இனிமே கேக்க வேண்டாம்” என்றாள்.