காரணம் தெரியாத நடுக்கம்

சுபாங் ஜெயாவைத் தாண்டி ரயிலின் வேகம் நூற்று நாற்பதைத் தொட்டதும் தரையிலிருந்து அந்த நடுக்கம் ஏறி வந்தது. முதலில் பாதத்தில், பிறகு முழங்காலில், கடைசியில் பல்லில். ரோசலினுக்கு அது புதிதில்லை. போன வாரச் சோதனை ஓட்டத்திலும் இப்படித்தான் வந்தது. வெளிநாட்டு நிபுணர் ஹென்ரிக் தன் லேப்டாப்பை இன்ஜினில் செருகி நாலு வரி தட்டினார். காய்ச்சல் விட்டதுபோல் நின்றுவிட்டது. எல்லோரும் கைதட்டினார்கள். என்ன தட்டினீர்கள் என்று கேட்கத்தான் ஒருவருக்கும் வாய் வரவில்லை. அப்படிக் கேட்காதவர்களில் தானும் ஒருத்தி என்பது அவளை ஒரு வாரமாக அரித்துக்கொண்டிருந்தது.

"தம்புசாமி அண்ணே, நிறுத்துங்க."

ஓட்டுநர் ஏன் என்று கேட்கவில்லை. பாடாங் ஜாவாவுக்கு அப்பால், இரண்டு பக்கமும் புதர் மண்டிய இடத்தில் வண்டி நின்றது. இன்றைய ஓட்டத்தை வரவேற்கக் கிள்ளான் ஸ்டேஷனில் மலாய் கொம்பாங் குழு மேளத்தோடு காத்திருந்தது. மந்திரியும் காத்திருந்தார்.

நாட்டின் முதல் அதிவேக மின்சாரப் பயணிகள் இன்ஜின், நம் கையாலேயே செய்தது என்று பத்திரிகைகள் ஒரு மாதமாக எழுதித் தள்ளிக்கொண்டிருந்தன. கை நம்முடையதுதான், அதில் சந்தேகமில்லை. தொழில்நுட்பப் பரிமாற்றம் என்ற பெயரில் ரோசலினையும் அவள் குழுவையும் ஹென்ரிக்கின் நாட்டுக்கு இரண்டு வருடம் அனுப்பினார்கள். காது விறைக்கும் குளிரில் நின்று சக்கரம் பூட்டக் கற்றார்கள், மோட்டார் ஏற்றக் கற்றார்கள். அந்த மோட்டாருக்கு எப்போது எவ்வளவு இழு என்று சொல்கிற கணினி மூளைக்கு மட்டும் தனி அறை. அதன் கதவருகே போனாலே யாராவது சிரித்த முகத்தோடு காப்பி குடிக்க அழைத்துப் போவார்கள். அந்தக் காப்பியை நினைத்தால் அவளுக்கு இன்றும் நாக்கு கசக்கும்.

திரும்பி வந்தபின் பிரிக்பீல்ட்ஸ் தேவாலயத்தில் ஞாயிறு பூசை முடிந்ததும் ஆள் மாற்றி ஆள் கைகொடுத்தார்கள். "எங்க ரோசலின் செஞ்ச இன்ஜின்லா" என்று அவள் அம்மா கேட்காதவர்களிடமும் சொன்னாள். ரோசலின் மென்று விழுங்குவாள். பொய்க்கு வாழ்த்து வாங்குவது போன்ற அவமானம் வேறு இல்லை.

ஹென்ரிக் ஓட்டுநர் அறையின் மூலையில் இருந்த ஸ்டூலில், முதுகைச் சுவரோடு ஒட்டி உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தார். எங்கே உட்கார்ந்தால் திரை யார் கண்ணிலும் படாது என்பது அவருக்கு அத்துப்படி.

"ஐந்து நிமிடம்," என்றார் ஆங்கிலத்தில்.

"எனக்குக் காட்டிவிட்டுச் செய்யுங்கள்," என்றாள் அவளும் ஆங்கிலத்தில்.

அவர் மூடியைச் சாத்தினார். கோபமில்லை, பழக்கம். "ரோசலின், அது ஒப்பந்தத்தில் இல்லை. உனக்கே தெரியும்."

தெரியும். அவள் கை நீட்டி, ஓட்டுநர் மேசையிலிருந்த சாவியைத் திருகி உருவினாள். மேலே மின்கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்த கரம் மடங்கி இறங்கியது. விசிறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. சோதனை ஓட்டத்தின் பொறுப்பதிகாரி அவள்தான். சாவி அவள் கையில் இருக்கும்வரை மந்திரியே வந்தாலும் வண்டி நகராது.

ரேடியோ உடனே கரகரத்தது. திட்டத்தின் தலைமை அதிகாரி தியாகராசா, மந்திரிக்குப் பக்கத்திலிருந்து குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"என்ன பிள்ளை, ஏன் நிக்கிறியள்?"

"நடுக்கம் சார். காரணம் தெரியல."

"ஹென்ரிக்குக்குத் தெரியுந்தானே. அவர் சரிசெய்வார். எடுங்கோ."

"அவருக்குத் தெரிஞ்சு என்ன சார்? நாளைக்கு அவரு பிளேன் ஏறிடுவாரு. ஆளுங்கள வச்சு ஓட்டப்போறது நாம."

"இது அதுக்கான நேரமில்லை. மினிஸ்டர் மணிக்கூட்டைப் பாக்கிறார்."

தம்புசாமி அதுவரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். மெதுவாக ரேடியோவை அவள் கையிலிருந்து வாங்கினார்.

"பாஸ், தம்புசாமி பேசுறேன். காரணம் தெரியாத நடுக்கத்தோட வண்டி நகரக்கூடாதுன்னு ரூல் இருக்கு. டீசல் வண்டி ஆடுன அன்னிக்கு நான் ஓட்டிட்டு வந்துட்டேன்னு என்னைய சஸ்பெண்ட் பண்ணது நீங்கதான். ஞாபகம் இருக்கா பாஸ்?"

கொம்பாங் சத்தத்துக்கு நடுவே தியாகராசாவின் குரல் வந்தது. இந்த முறை 'பிள்ளை' என்று அழைக்கவில்லை.

"டீசல் இன்ஜினை அனுப்புறன். கட்டி இழுத்துக்கொண்டு வரட்டும். மிச்சத்தை நாளைக்கு ஒஃபிசில கதைப்பம்."

நாளை அலுவலகத்தில் என்ன நடக்கும் என்று ரோசலினுக்குத் தெரியும். இத்தனை வருட உழைப்பு, அம்மாவின் முகம் எல்லாம் வந்து போயின. ஆனாலும் வாய் தானாகவே பேசியது.

"அனுப்புங்க சார். நம்மள இழுத்துக்கிட்டுத்தான் போறாங்கன்னு மினிஸ்டரும் பாக்கட்டும்."

ஹென்ரிக்குக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தவர் லேப்டாப் மூடியின் மேலிருந்த கையை எடுக்கவுமில்லை, அழுத்தவுமில்லை.

கொஞ்ச நேரத்தில் கிள்ளான் பக்கமிருந்து ஹாரன் கேட்டது. ரோசலின் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கீழே இறங்கினாள். வெயில் ஏறியிருந்தது. இன்ஜினின் மூக்குக்கு முன்னால் தண்டவாளத்தின் நடுவே போய், இரண்டு வண்டிகளையும் கோக்கிற கொக்கிக்கு முதுகு கொடுத்து நின்றாள். யோசித்துச் செய்ததில்லை; நடுக்கத்தின் காரணம் தெரியும்வரை இந்தக் கொக்கியில் யாரும் கை வைக்கக்கூடாது என்று மட்டும் இருந்தது. கால் போய் நின்ற இடம் அது.

வளைவில் பழைய டீசல் தலைகாட்டியது. ஹாரன் நீளமாக ஒலித்தது. அவள் ஹெல்மெட்டைச் சரிசெய்துகொண்டாள், நகரவில்லை. டீசல் வேகம் குறைந்து, முனகி, முகத்தில் சூடடிக்கும் தூரத்தில் நின்றது. அதன் ஓட்டுநர் ஜன்னலில் தலையை நீட்டி, என்ன என்று கையால் கேட்டார்.

அவளுக்குப் பின்னால் இன்ஜின் கதவு திறந்தது. யாரோ ஏணியில் இறங்கி, ஜல்லிக்கல் நொறுங்க அவளை நோக்கி நடந்து வந்தார்கள். தம்புசாமியின் இருமல் மேலே, ஓட்டுநர் இருக்கையிலிருந்து கேட்டது. அப்படியானால் வருவது ஹென்ரிக்.

ரோசலின் திரும்பிப் பார்க்கவில்லை. டீசலின் விளக்கைப் பார்த்தபடி, தண்டவாளத்தில் தன் வலப்பக்கம் ஓர் ஆள் நிற்க இடம் விட்டுத் தள்ளி நின்றாள்.