ஆயுதபூஜைப் பூச்சு

ஆனையூரைத் தாண்டிய ஆலையில் அன்று நீராவி அழுத்தத்தைப் பத்திலிருந்து பதினாறு கிலோவுக்கு ஏற்ற இருந்தார்கள். பெரிய குழாயின் சுவர் நாலு மில்லிமீட்டராவது வேண்டும் என்பது இன்ஜினியர் பவதாரிணியின் கணக்கு. குழாய்க்கு நேர் கீழே, வால்வருகே, அதைத் திறக்கச் சொல்லும் சைகைக்காக ஆபரேட்டர் முபீன் காத்திருந்தான்.

ஏணிமேல் நின்ற போர்மேன் சிவபாண்டி, சுவரின் தடிமனை வெளியிலிருந்தே காட்டும் அளவுக் கருவியைக் குழாயில் வைத்தார். ஐந்து காட்டியது.

"பாத்தீகளா மேடம், எம்புட்டுக் கெட்டி! வருஷா வருஷம் ஆயுதபூஜைக்கு என் கையால பெயிண்ட் அடிச்ச குழாயில்ல!"

பவதாரிணிக்குச் சுருக்கென்றது. "அண்ணே, பெயிண்டைச் சொரண்டாமலா அளந்தீங்க? அதையும் சேத்துல்ல காட்டும்!"

மேலேறி அவளே சுரண்டினாள். இருபது வருடப் பூச்சு ஏடு ஏடாகப் பெயர்ந்தது. மறுபடி அளந்தாள். இரண்டுகூட இல்லை.

"நிறுத்தச் சொல்லுங்கண்ணே!"

"அஞ்சு காட்டுனதுமே அவனுக்குத் தலையாட்டிட்டேனே..." சிவபாண்டி கீழே எட்டிப் பார்த்தார்.

"முபீன், வால்வை மூடு! ஓடு!" பவதாரிணி கத்தினாள்.

கொதிகலன் இரைச்சலில் ஒன்றும் புரியாமல் முபீன் சிரித்தபடி அண்ணாந்து பார்த்தான். குழாய் முனகத் தொடங்கியது.