ஜுனு அழவில்லை

அச்சுகளில் களிமண் கூழை ஊற்றிக்கொண்டிருந்த சிவசங்கரி நிமிர்ந்து பார்த்தாள். பீங்கான் கம்பெனியின் கதவருகே ஜுனு நின்றிருந்தாள், தோளில் ஒன்றரை வயதுப் பெண் குழந்தை. சூளையில் சரக்கு அடுக்கும் பிகாஷின் மனைவி. அவன் பல வருஷமாக இங்கே வேலை பார்த்துத் தமிழ் பழகியவன்; அவள் ஒடிசாவிலிருந்து வந்தபின் எட்டு மாதமாகக் கம்பெனிக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் இருக்கிறார்கள். அன்று பிகாஷ் லோடு இறக்கத் திட்டக்குடி போயிருந்தான்.

"அக்கா, ஜுரம். ஆசுபத்திரி," என்றாள் ஜுனு. தமிழில் அவளுக்கு அவ்வளவுதான் வரும். உதட்டில் லேசான சிரிப்பு.

சிவசங்கரி கையைப் புடவையில் துடைத்துவிட்டுக் குழந்தையின் காலைத் தொட்டாள். கொதித்தது.

"தூங்குதா?"

ஜுனு தலையாட்டினாள். கேள்வி அவளுக்குப் புரிந்ததா என்று சிவசங்கரி யோசிக்கவில்லை. அதற்குள் உள்ளே ஏதோ தடாலென்று விழுந்தது.

பக்கத்து வரிசையில் வேலை செய்யும் அம்புஜவல்லியின் காலில் அச்சுப் பலகை விழுந்திருந்தது. "ஐயோ எம்மா, எங்காலு போச்சே! எம்புள்ளைங்கள இனிமே யாரு பாப்பா!"

காயத்தைப் பார்ப்பதற்கு முன்பே, கூட வேலை செய்யும் தென்றல் அழ ஆரம்பித்துவிட்டாள். சிவசங்கரி ஓடிப்போய்ப் பலகையைத் தூக்கினாள். ஆறு பெண்கள் சேர்ந்து தூக்கிப்போய் லோடு ஆட்டோவில் கிடத்தினார்கள். கம்பெனியில் இருந்தது அந்த ஒரு வண்டிதான்.

"அம்புஜக்கா கத்துற கத்துக்கு ஹாரனே வேணாம்," என்று டிரைவர் திருமால் சாவியைத் திருகினான்.

"இன்னும் ஒருத்தர் ஏறலாம்," என்றார் சூப்பர்வைசர் பழமலைநாதன். "புள்ளயத் தூக்கிட்டு நிக்கிதே, அது வரணுமா?"

சிவசங்கரி திரும்பிப் பார்த்தாள். ஜுனுவின் முகத்தில் அதே சிரிப்பு.

"வெறும் ஜுரந்தான் சார். மாத்திர குடுத்தா நின்னுடும்."

"ஆமா, சிரிச்சிக்கினுதான நிக்கிறா," என்று தென்றல் ஏறி அம்புஜவல்லியின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள்.

சிவசங்கரி தன் பையிலிருந்து பாதி மாத்திரை எடுத்துக் கொடுத்தாள்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் கொட்டகைக்குப் போனாள். ஜுனு குழந்தையை மடியில் வைத்துச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். குழந்தையின் கால் சில்லிட்டிருந்தது. திறந்த வாயில், நாக்கின் மேல், மாத்திரை கரையாமல் இருந்தது.

சிவசங்கரி போட்ட கூச்சலில் கம்பெனியே ஓடிவந்தது.

அம்புஜவல்லிக்கு இரண்டு கால்விரல்களில் வீக்கம், எலும்பு முறியவில்லை. சாயங்காலமே திரும்பிவிட்டாள். அவளும் மற்றவர்களும் ஜுனுவைக் கட்டிக்கொண்டு அழ வந்தார்கள். ஜுனு விறைத்து உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரம் அழுது பார்த்துவிட்டு ஒவ்வொருவராக எழுந்தார்கள். "என்னா கல்லு மனசுடி," என்று யாரோ வாசலில் சொன்னது உள்ளே கேட்டது.

"கல்லு மனசு இல்லக்கா," என்றான் தகவல் கேட்டுத் திரும்பியிருந்த பிகாஷ், எழுந்து போகாத சிவசங்கரியிடம். "உயிரோட இருக்கிற புள்ளக்கி அழுதா யமன் திரும்பிப் பாப்பான்னு அவ வூட்ல சொல்லுவாங்க. காலைலேர்ந்து அடக்கி வச்சிருந்தா. இப்ப அழுன்னாலும் வரல."

சிவசங்கரி உடைந்து அழுதாள். "தம்பி, வண்டில எடம் இருந்துச்சி. நாந்தான் வேணாம்னு சொன்னேன். அவகிட்ட சொல்லு."

பிகாஷ் அவளையே பார்த்தான். ஜுனு தங்கள் மொழியில் ஏதோ கேட்டாள். அவன் சுருக்கமாகப் பதில் சொன்னான்.

"என்னா கேக்குறா?"

"அக்கா ஏன் அழுவுறாங்கன்னு."

"நீ என்னா சொன்ன?"

"புள்ளக்காவன்னு சொன்னேன்." அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "இந்த ஊர்ல அவளுக்குத் தெரிஞ்சது ஒங்கள மட்டுந்தான்."

ஜுனு பாயில் நகர்ந்து, பக்கத்தில் உட்காரும்படி கையால் தட்டினாள்.

சிவசங்கரி உட்கார்ந்தாள்.