ஒலித்த சந்தையும் ஒலிக்காத மண்டபமும்

அந்தக் குடும்பம் வார்க்கும் மணிகள் தகாத சந்தையில் ஒலிப்பதில்லை. மூன்று தலைமுறையாக இப்படித்தான். பட்டறையில் கணீரென்று பேசும் மணி, வண்டியில் வழியெல்லாம் கிணுகிணுத்துக்கொண்டு வரும் மணி, சில சந்தைகளின் வாயிலைத் தாண்டியதும் அடங்கிவிடும். நாக்கு போய்க் கிண்ணத்தில் மோதுவது கண்ணுக்குத் தெரியும்; காதுக்கு எதுவும் வராது. வாயிலுக்கு வெளியே கொண்டுவந்தால் பழையபடி ஒலிக்கும். இதை முதலில் கண்டவர் இப்போதைய மூத்தவரின் தாத்தா. குதிரைச் சந்தை ஒன்றுக்கு இருநூற்றுப் பன்னிரண்டு மணிகளைக் கொண்டுபோய் மூன்று நாள் உட்கார்ந்து, ஒன்றுகூட விற்காமல், தன் வார்ப்பில்தான் கோளாறு என்று எண்ணித் தலை குனிந்து திரும்பினார். ஊருக்கு வெளியே பாலத்தில் வண்டி ஏறியதும் இருநூற்றுப் பன்னிரண்டும் ஒரே நேரத்தில் ஒலித்தன. மாடுகள் மிரண்டு ஓடியதில் அச்சு முறிந்தது. புது அச்சு வந்துசேர ஆன அரை நாளில் அவர் யோசித்து முடித்துவிட்டார். கோளாறு சந்தையில் இருந்தது. அன்று குனிந்த தலைதான் கடைசி. அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்தில் யாரும் தலை குனிந்து வீடு திரும்பியதில்லை.

அவர் வகுத்த விதிகள் மூன்று. புதிய சந்தைக்கு முதல் ஆண்டு சரக்கோடு போவதில்லை; ஒரே ஒரு சோதனை மணியோடு ஆள் போய்ப் பார்த்துவர வேண்டும். ஒலிக்காத மணியை விற்பதில்லை. சொன்ன விலையைக் குறைப்பதில்லை. பட்டறையின் உலைக்கு எதிர்ச் சுவரில் சந்தைகளின் பட்டியல் கரித்துண்டால் எழுதப்பட்டது. ஒவ்வொன்றின் எதிரிலும் மூன்றில் ஒரு சொல் இருக்கும்: ஒலித்தது, கம்மியது, ஒலிக்கவில்லை. ஒலிக்கும் சந்தையில் விற்கும், ஒலிக்காத சந்தையில் விற்காது என்பதே இதன் பொருள் என்று மூன்று தலைமுறையும் எடுத்துக்கொண்டது. சுவரை நம்பி மகள்களுக்குக் கல்யாணம் நடந்தது, பட்டறைக்கு ஓடு போட்டார்கள், கடைசியில் ஒரு வேனும் வாங்கினார்கள். எனவே யாரும் சந்தேகப்படவில்லை.

சோதனை மணி, மூத்தவரின் காலத்தில், அவருடைய தங்கையிடம் இருந்தது. அவளுக்கு ஒன்பது வயதில் வந்த காய்ச்சலில் இரண்டு காதும் போயிற்று. மணி வார்க்கும் வீட்டில் இது ஒரு குறையாகத்தான் கருதப்பட்டது, அவள் மணியின் விளிம்பைப் பல்லில் கடித்துக்கொண்டு அதன் சுருதியைச் சரியாகச் சொல்லும் வரை. ஒலிபெருக்கியும் கூச்சலும் நிறைந்த சந்தையில் காதுள்ளவன் ஏமாறலாம், பல் ஏமாறாது. ஆகவே இருபத்திரண்டு வயதில் சோதனை மணி அவள் கைக்கு வந்தது. நுழைவாயிலில் ஒருமுறை, நடுவில் ஒருமுறை, வெளியேறும் வழியில் ஒருமுறை, மணியைக் கடித்து நாக்கை விரலால் சுண்டுவாள். வியாபாரிகள் அவளைப் பல்லுக்காரம்மா என்றார்கள். வீட்டிலும் அதுவே நிலைத்தது. எதிரில் இருப்பவரின் உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வாள். கேட்க விரும்பாத பேச்சென்றால் கண்ணை மூடிக்கொள்வாள். அப்புறம் அவளோடு வாதாட யாராலும் முடியாது.

மணியை மட்டும் நம்பி அவள் சந்தை பார்த்ததில்லை. உள்ளே போகிறவர் முகத்தைப் பார்க்காதே, வெளியே வருகிறவர் கையைப் பார் என்பாள். காலை பத்து மணிக்கே சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கும் வியாபாரி எங்கே இருக்கிறானோ அந்தப் பக்கம் கடை போடாதே. கடைக்காரர்கள் ஒருவருக்கொருவர் உயிர் நண்பர்களாகிவிட்ட சந்தை உருப்படாது; பேச அவ்வளவு நேரம் கிடைத்திருக்கிறது என்று அர்த்தம். இதையெல்லாம் அவள் சொல்லி முடித்த பிறகு மணியும் அதையே சொல்லும். பத்தொன்பது ஆண்டுகளில் நாற்பத்தேழு சந்தைகளைப் பார்த்தாள். கண் ஒன்று சொல்லிப் பல் வேறொன்று சொன்னதே இல்லை. இருபதாம் ஆண்டில் இரண்டுமுறை சொன்னது.

முதலாவது, கண்ணாடிக் கூரை போட்ட பெரிய மண்டபத்தில் ஆண்டுதோறும் நடக்கும் கைவினைக் கண்காட்சி. அங்கே கடை போடத் தேர்வுக் குழு உண்டு, கழுத்தில் மாட்ட அட்டை உண்டு, வாடகை மற்ற இடங்களைப்போல் மூன்று பங்கு. வெளியே வருகிறவர்கள் இரண்டு கையிலும் பை கொண்டுவந்தார்கள். கடைக்காரர்கள் மதியம் வரை வாயில் பச்சைத் தண்ணீர் விட நேரமில்லாமல் நின்றார்கள். மணியோ மூன்று இடத்திலும் ஊமையாக இருந்தது. இரண்டாவது, பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் செவ்வாய்க்கிழமைகளில் கூடும் சந்தை. உருளைக்கிழங்கு மூட்டை, பழைய டயர், கைப்பிடி போன வாளி. பாதிப் பேர் வெறுங்கையோடு வெளியே வந்தார்கள். மணியைக் கடித்தபோது கடைவாய்ப்பல் வரை அதிர்ந்தது. அவள் இரண்டையும் மணி சொன்னபடியே சுவரில் எழுதினாள். தனக்குப் புரியவில்லை என்பதையும் அண்ணனிடம் சொன்னாள்.

மறு ஆண்டு மண்டபத்திலிருந்து கடிதம் வந்தது. தடித்த தாள். முதல் வரிசையில் முதல் கடை. தலைமுறை தலைமுறையாக வார்ப்புக்காரர்கள் என்று சொல்லிக்கொண்ட குடும்பத்தின் மூத்தவரை அந்தக் கடிதம் கலைஞர் பெருந்தகை என்று அழைத்தது. அவர் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மடிப்புக் கிழியும் வரை எடுத்து எடுத்துப் படித்தார். அதே வரிசையில் அவருடைய மனைவியின் தம்பிக்கும் கடை உண்டு என்று தெரிந்ததும் வருகிறோம் என்று பதில் எழுதிவிட்டார். அந்த மைத்துனர் இயந்திரத்தில் அச்சடித்த மணிகளை வாங்கி ரிப்பன் கட்டி விற்பவர். அவர் மூன்றாம் ஆண்டாக அங்கே இருக்கும்போது, வார்க்கிற வீடு வாசலுக்கு வெளியே நிற்பது குடும்பத்துக்கு அழகில்லை என்பது மூத்தவரின் வாதம்.

பல்லுக்காரம்மா சுவரைக் காட்டினாள். மூத்தவர் சுவரைப் பார்க்கவில்லை. மண்டபத்தைப் பார்க்கப் போன மாதம் அவளுக்கு ஒரு கடைவாய்ப்பல் பிடுங்கியிருந்தது, ஓட்டைப் பல்லோடு பார்த்த சோதனை செல்லாது என்றார். பிடுங்கியது இடப்பக்கம், கடித்தது வலப்பக்கம் என்று அவள் வாயைத் திறந்து காட்டினாள். வெளியே வந்தவர்கள் கை நிறையப் பை இருந்ததாக அவளே சொல்லவில்லையா என்று அவர் திருப்பிக் கேட்டார். அவள் மறுபடி சுவரையே காட்டினாள். பணிமனைச் சந்தையின் பெயரை அவர் உள்ளங்கையால் துடைத்தார். டயர் கடைக்குப் பக்கத்தில் தரையில் சாக்கு விரித்து உட்கார்வதற்காகத் தாத்தா இந்தத் தொழிலைத் தொடங்கவில்லை என்றார். பட்டறையே வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது.

"மண்டபத்துல ஒரு மணி, ஒரே ஒரு மணி ஒலிச்சாலும், சோதனை மணியை நீ எங்கிட்ட குடுத்துடணும். அதோட சந்தை பாக்குற வேலையை விட்டுடணும்" என்றார் மூத்தவர், அவள் உதட்டைப் படிக்க வசதியாக நிதானமாக.

"ஒலிக்கலைன்னா?"

"ஒலிக்கும்."

"ஒலிக்கலைன்னா, அண்ணா, அடுத்த செவ்வாய்க்கிழமை பணிமனைக்குப் பின்னாடி வந்து நீ உக்காரணும். என் பக்கத்துல. தரையில." சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

முந்நூற்று நாற்பது மணிகள் போயின. வேன் மண்டபத்தின் பின்வாசலில் திரும்பும் வரை உள்ளே மணிகளின் ஆரவாரம். வாசலைத் தாண்டியதும் கதவை மூடியதுபோல நின்றது. மூத்தவர் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. முதல் நாள் முழுவதும் நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்து, வந்தவர்களுக்கெல்லாம் மணியை எடுத்து ஆட்டிக் காட்டினார், ஒலிக்கும் மணியை ஆட்டுவதுபோலவே, அதே மரியாதையோடு. பார்த்தவர்கள் வேலைப்பாட்டைப் புகழ்ந்தார்கள். சிலர் தங்கள் காதைத் தட்டிப் பார்த்துக்கொண்டார்கள். ஒரு சிறு குழந்தை மட்டும் அழுதது. பல்லுக்காரம்மா அடுத்த நாற்காலியில் இருந்து மணிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்; சொல்லிக்காட்டுவது அந்தக் குடும்பத்தில் வழக்கமில்லை. இரண்டாம் நாள் மைத்துனர், கடையில் ரிப்பன் தீர்ந்துபோன மகிழ்ச்சியில், நடந்து வந்தார்.

"என்ன மச்சான், உங்க மணிக்கெல்லாம் தொண்டை கட்டிக்கிச்சா? நம்ம கடையிலேருந்து ரெண்டு எடுத்துட்டு வரட்டுமா, சும்மா பேச்சுத் துணைக்கு?"

மூத்தவர் அவருக்கு உட்கார நாற்காலி கொடுத்தார்.

மூன்றாம் நாள் பிற்பகல் ஒரு பெண் வந்தாள். பெரிய வீடுகளின் உட்புறத்தை அலங்கரிப்பது அவள் தொழில். கையில் அளவு நாடா வைத்திருந்தாள். முந்நூற்று நாற்பதும் வேண்டும் என்றாள். ஒரு வரவேற்பறையின் சுவர் முழுவதும் வரிசை வரிசையாகத் தொங்கவிடப் போகிறாள். விலையைக் கேட்டுவிட்டுச் சரி என்றாள். ஒன்றை எடுத்து ஆட்டிப் பார்த்தாள். சத்தமில்லை. அவள் முகம் மலர்ந்தது.

"நல்லதாப் போச்சு. காத்துக்கு ஆடினா சத்தம் வருமே, நாக்கையெல்லாம் கழட்டணுமேன்னு நெனச்சிட்டிருந்தேன்."

மூத்தவர் அந்த மணியை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "இதை யாரும்மா அடிப்பாங்க?" என்று கேட்டார்.

"யாரும் அடிக்க மாட்டாங்க சார். பாக்குறதுக்குத்தான்."

அவர் எழுந்து நின்றார். எதிர்க்கடையில் மரக்கரண்டிகளை வாங்கிக்கொண்டிருந்த தம்பதி அவற்றைச் சட்டமிட்டு மாட்டுவது பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அதற்கடுத்த கடையில் கூடை வாங்கியவள், அதில் எதையும் போட்டுவிடக் கூடாது என்று கணவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். வெளியே போகிறவர்களின் கை நிறைய இருந்தது. தாத்தா பாலத்தில் அரை நாள் யோசித்து முடித்ததில் ஒரு பாதி மிச்சம் இருந்தது என்பதும், அது தன் பங்குக்கு விடப்பட்டிருந்தது என்பதும் மூத்தவருக்குத் தெரிந்தது.

"ஊமை மணிய இந்த வீட்டுக்காரங்க வித்ததில்லம்மா. நீங்க போயிட்டு வாங்க" என்றார்.

மைத்துனர் ஓடி வந்தார். மொத்தச் சரக்கையும் ஒரே ஆளுக்குத் தள்ள வாய்ப்பிருக்கும்போது வேண்டாம் என்பவனைத் தன் ஆயுளில் பார்த்ததில்லை என்றார், மச்சானுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது, அக்காவிடம் தான் என்ன சொல்வது என்றார். மூத்தவர் அவருக்கு முதுகைக் காட்டித் தங்கை பக்கம் திரும்பினார். உதடு தெரியும்படி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"எங்க விக்கும்னு மணி நமக்குச் சொல்லவே இல்ல. எங்க அடிப்பாங்கன்னுதான் சொல்லிட்டு இருந்திருக்கு."

பல்லுக்காரம்மா அதைப் படித்து, மனத்தில் ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள். நாற்பத்தேழு சந்தைகளும் ஒத்துப்போயின. மீதமிருந்த இரண்டும் ஒத்துப்போயின. தன் குரலின் அளவு அவளுக்கு எப்போதும் தெரியாது. கண்ணாடிக் கூரை அதிரக் கேட்டாள்:

"அப்ப செவ்வாய்க்கிழமை வர்றியா, இல்லியா?"

அவர் போனார். சாக்கு விரித்தார்கள். வேனின் கதவைத் திறந்தபோதே முந்நூற்று நாற்பதும் தொடங்கிவிட்டன. பணிமனையில் இருந்த ஓட்டுநர் ஒருவர் புறப்படும் நேரமாகிவிட்டது என்று நினைத்துப் பேருந்தை எடுத்துவிட்டார். படகோட்டி ஒருவன் மூடுபனிக்காக ஒன்று வாங்கினான். வெடித்துப்போன பள்ளிக்கூட மணிக்கு மாற்றாகப் பெரியதாக ஒன்றைக் காவலாளி தோளில் தூக்கிப் போனார். மிதிவண்டியில் ரொட்டி விற்பவன், ஆட்டு மந்தைக்காரர், நடக்க முடியாத கணவனைப் பின்னறையில் படுக்கவைத்திருக்கும் ஒருத்தி. வெறுங்கையோடு திரும்பியவர்களும் இருந்தார்கள். தேவையில்லாததை அந்தச் சந்தையில் யாரும் வாங்குவதில்லை, அவ்வளவுதான். மூத்தவர் தரையில்தான் உட்கார்ந்திருந்தார், ஆனால் பின்னாலிருந்த கிழங்கு மூட்டையில் முதுகு படவில்லை. பக்கத்து டயர் கடைக்காரர் உட்கார ஒரு டயர் உருட்டிக் கொடுத்தார். முதல் செவ்வாயும் இரண்டாம் செவ்வாயும் வேண்டாம் என்றவர், மூன்றாம் செவ்வாய் ஏற்றுக்கொண்டார்.

சுவரில் துடைத்த வரியை அவரே மறுபடி எழுதினார். மண்டபத்திலிருந்து மேலும் நான்கு ஆண்டுகள் தடித்த தாளில் கடிதம் வந்தது. ஒவ்வொன்றுக்கும் மரியாதையாகப் பதில் போயிற்று, எங்கள் மணிகளுக்கு அங்கே வர விருப்பமில்லை என்று. குழு இதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டது. சோதனை மணி பல்லுக்காரம்மாவிடமே இருந்தது. மேல்வரிசைப் பற்கள் உதிர்ந்த பிறகு அவள் தாடையெலும்பில் அழுத்திப் பார்த்தாள். வித்தியாசம் ஒன்றும் இல்லை என்றாள்.

ஆறாம் ஆண்டில் ஒரு செவ்வாய்க்கிழமை அந்த அலங்காரக்காரப் பெண் பணிமனைச் சந்தைக்கு வந்தாள். கையில் அளவு நாடா இல்லை. அவளுடைய அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. மாடியறையில் படுத்திருக்கிறார், கூப்பிட வேண்டுமென்றால் கட்டிலைத் தட்டுகிறார், கீழே கேட்பதில்லை. சாக்கின் ஓரத்தில் இருந்த சின்ன மணியை எடுக்கக் கை நீட்டினாள். அவள் விரல் படுவதற்கு முன்பே அது ஒலித்தது. டயர் கடைக்காரர் திரும்பிப் பார்க்கவில்லை, அவருக்கு அது பழகிப்போயிருந்தது. அவள் விலை கேட்டாள். மூத்தவர் சொன்னார். கொஞ்சம் குறைக்கலாமா என்றாள். குறைக்கப்படவில்லை.