பூட்ஸ் சத்தம் நின்றபோது

1

இந்தக் கதையைத் தேடி நான் போகவில்லை. கார் ஓட்ட ஆள் இல்லை என்று என் மச்சினி கூப்பிட்டாள். (பொய். அவள் என்னைவிட நன்றாக ஓட்டுவாள்.)

"அத்தான், சுவத்த முறைச்சிட்டே உக்காந்திருந்தா சுவரு ஒண்ணும் பயந்துடாது. ஒரு நாள் வந்து என் நாய்க்கு டிரைவரா இருங்க."

போனேன். அங்கே நடந்ததை எழுதாமல் விட முடியவில்லை. முதல் வரி இப்படி வந்தது:

'வயலெங்கும் பனி. அதன் அடியில் ஒரு மனிதன் நடந்து போன'

வேண்டாம். பனியில் தொடங்கும் கதைகள் போதும். அடுத்தது:

'நாய் என் மனைவியுடையது.'

மனைவியை இழந்தவன் இப்படித் தொடங்கினால் அவன் வேலை பாதி முடிந்துவிடும். மீதியை நீங்களே அழுதுகொள்வீர்கள். ஆனால் நாய் அவளுடையது அல்ல. அவளுக்கு நாய் என்றால் பயம். தங்கை வீட்டுக்குப் போனால், நாயை அறைக்குள் பூட்டிய பிறகுதான் செருப்பைக் கழற்றுவாள். கதவுக்கு அந்தப் பக்கம் அது மூச்சு விடும். இந்தப் பக்கம் இவள்

இந்த வாக்கியம் இங்கேயே கிடக்கட்டும்.

2

நாயின் பெயர் மேனேஜர். என் சகலை வைத்தது. வீட்டில் ஒரு துரும்பையும் நகர்த்தாது, ஆனால் எல்லோரையும் கண்காணிக்கும். கறுப்பு நிறம். ஒரு காது மடிந்திருக்கும். முகவாயில் நரை.

போட்டி, தடம் பிடிக்கும் போட்டி. ஒருவர் வயலில் நடந்து போவார். நேராகப் போய்த் திரும்புவார், மறுபடி திரும்புவார். வழியில் தோல் துண்டு, மரத்துண்டு என்று சின்னச் சின்னச் சாமான்களைப் போட்டுவிட்டுப் போவார். பிறகு அந்தத் தடத்தை ஆற விடுவார்கள். வெயில் ஏறும், காற்று மாறும், வேண்டுமென்றே இன்னொருவரைக் குறுக்கே நடக்க விட்டுக் குழப்புவார்கள். அதற்குப் பிறகுதான் நாய் வரும். நீளக் கயிற்றின் மறுமுனையில் அதை நடத்தும் ஆள். சாமான் கிடைத்ததும் நாய் அதன் முன்னால் படுத்துக்கொள்ள வேண்டும்.

தடம் எங்கே போகிறது என்று ஆளுக்குத் தெரியாது. நாய்தான் கண்டுபிடிக்க வேண்டும்.*

* நாய்க்குத்தான் மூக்கு இருக்கிறதே, இதில் என்ன கஷ்டம் என்று நானும் கேட்டேன். "மூக்குல ஒரு பிரச்சினையும் இல்ல அத்தான். பிரச்சினையெல்லாம் கயித்துக்கு இந்தப் பக்கம்" என்றாள்.

3

மச்சினியைத்தான் எழுத வரவில்லை. தைரியசாலி என்று எழுதினேன், பொய்யாக இருந்தது. பிடிவாதக்காரி என்று எழுதினேன், அவள் அக்காவும் கூடவே வந்துவிட்டாள். இரண்டையும் அடித்துவிட்டேன்.

தொழிலிலிருந்து தொடங்குகிறேன். பிசியோதெரபிஸ்ட். அடுத்தவர் உடம்பைச் சரிசெய்யும் கைகள். பஸ்ஸில் கூனி உட்கார்ந்திருக்கும் முன்பின் தெரியாதவரின் தோளையும் நிமிர்த்திவிட்டுத்தான் இறங்குவாள்.

[கடைசி மாதங்களில் என் மனைவியின் கால்களுக்கு அவள் பயிற்சி கொடுத்தது பற்றி இங்கே ஒரு பத்தி இருந்தது. எடுத்துவிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.]

அந்தக் கைகளுக்கு இந்த விளையாட்டில் ஒரே வேலைதான்: சும்மா இருப்பது. திருப்பத்தைத் தாண்டிப் போன நாய், வாசனை அறுந்ததும் சுற்றிச் சுற்றித் தேடும். அப்போது ஆள் நட்ட கல்லாக நிற்க வேண்டும். முன்பு இரண்டு போட்டிகளில் மேனேஜர் சரியாகத்தான் திரும்பியது. 'அங்க இல்லடா' என்று கயிற்றை இழுத்தவை இவள் கைகள். மூக்கைவிட இவளை நம்பி நாய் தடத்தை விட்டது. இரண்டு முறையும் தோல்வி.

இதுதான் கடைசிப் போட்டி. மேனேஜரின் இடுப்பு தேய்ந்துகொண்டிருக்கிறது. டாக்டர் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை, தடவிப் பார்த்தே தெரிந்துகொண்டாள்.

"தோத்தா தோத்துட்டுப் போறான்" என்றாள் காரில். "ஆனா அவனால தோக்கணும். என்னால தோக்கக் கூடாது."

4

தடம் போட்டவர் ஒரு பேக்கரிக்காரர். வரப்போரம் கறுப்புக் கண்ணாடியோடு என் பக்கத்தில் நின்றார்.

"நாய் சரியாப் போகுதாண்ணா?"

"என் மூஞ்சியப் பாக்காதீங்க தம்பி. அதுக்குத்தான் கண்ணாடியே."

மேனேஜர் மூக்கை மண்ணில் வைத்தது. அதற்குப் பிறகு அது வீட்டில் சோபாவைக் காவல் காக்கும் நாய் இல்லை. அவசரமே இல்லை. ஒவ்வொரு புல்லாக விசாரித்துக்கொண்டு போனது. தோல் துண்டின் முன் படுத்தது. அவள் அதை எடுத்து, பின்னால் வரும் நடுவருக்குத் தெரியும்படி தலைக்கு மேல் உயர்த்தினாள். குறுக்கே யாரோ நடந்த தடம் வந்தபோது தலையை அந்தப் பக்கம் திருப்பி, ஒரு நொடி யோசித்து, 'நீ யாரோ எவரோ' என்று விட்டுவிட்டது. வேலை தெரிந்தவர்களைப் பார்க்கும்போது வரும் சந்தோஷம் எனக்கு வந்தது. வெகு நாளைக்குப் பிறகு.

உழுத நிலத்தின் ஓரத்தில் வாசனை அறுந்தது. நாய் சுற்றியது. அவள் நின்றாள். நாய் இடப்பக்கம், அறுவடைக்குப் பின் நிற்கும் காய்ந்த தட்டைக்குள் இறங்கியது. அவளும் பின்னால் போனாள்.

இப்போது ஒன்று சொல்ல வேண்டும். கையில் தடத்தின் வரைபடத்தோடு நடுவர் பின்னாலேயே நடந்து வருவார். அவரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, பார்த்தால் நாயின் கவனம் கலையும். ஆனால் காதை என்ன செய்வது? எல்லோரும் அவருடைய பூட்ஸ் சத்தத்தைக் கேட்டபடிதான் போவார்கள். சத்தம் தொடர்ந்தால் நாய் சரி. நின்றால் நாய் தவறு, அடுத்தது விசில், அதோடு ஆட்டம் முடிந்தது.

நின்றது.

அவள் கேட்டாள். தட்டையை நொறுக்கிக்கொண்டு வந்த சத்தம் திடீரென்று இல்லை. முதுகு முழுக்கக் காதானது. முன்னால் கயிறு இறுகியது. மேனேஜர் தலை தூக்கவில்லை, இடப்பக்கமே இழுத்தது. அவள் விரல்கள் கயிற்றின் மேல் மூடத் தொடங்கின. அந்த விரல்களுக்குத் தெரிந்ததெல்லாம் அது ஒன்றுதானே. பிடி. நிறுத்து. திருத்து.

5

நடுவர் ஏன் நின்றார்? என்னிடம் சில பதில்கள் இருக்கின்றன.

நாய் உண்மையிலேயே தவறு.

அல்லது, ஷூ லேஸ் அவிழ்ந்தது. (சிரிப்பு வரும். ஆனால் கதையை ஒரு லேஸில் தொங்கவிட மனமில்லை.)

அல்லது, பேக்கரிக்காரர் தடம் போடும்போது தூரத்தில் நின்ற ஒரு டிராக்டரைக் குறிவைத்து நேராக நடந்தார். தடம் ஆறும் நேரத்தில் யாரோ டிராக்டரை நகர்த்திவிட்டார்கள். வரைபடத்தில் டிராக்டர் ஒரு பக்கம், வயலில் வேறு பக்கம். நடுவர் குழம்பி நின்றார், நாய் குழம்பவில்லை. இதுதான் எனக்குப் பிடித்தது. பிடித்ததாலேயே சந்தேகப்படுகிறேன்.

எழுதுகிறவனாக எந்தப் பதிலையும் நான் வைக்கலாம். ஆனால் அடுத்து நடந்ததை நான் வைக்கவில்லை, பார்த்தேன்.

விரல்கள் பாதியில் நின்றன. பிறகு திறந்தன. கயிறு உள்ளங்கை வழியாக ஓடியது. அவள் திரும்பவில்லை, நாயைக் கூப்பிடவில்லை. பின்னால் ஒரு சத்தமும் இல்லாத அந்த வயலில், அது போன பக்கம் நடந்தாள்.

"என் மூஞ்சிய விடுங்க தம்பி" என்றார் பேக்கரிக்காரர், நான் பார்க்காதபோதே. "அந்தக் கையப் பாருங்க."

6

விசில் வந்ததா? எனக்குத் தெரியும். வீட்டுக்குக் காரை ஓட்டி வந்தவன் நான். பின்சீட்டில் மேனேஜர் குறட்டை விட்டது.

"இத எழுதப் போறீங்களா அத்தான்?"

"எழுதவா?"

"எழுதுங்க. முடிவ மட்டும் சொல்லிடாதீங்க. சொன்னா எல்லாரும் அதப் பத்தியேதான் பேசுவாங்க."

அதனால் இந்த இடத்தில் கயிற்றை உங்களிடம் தருகிறேன். முன்னால் தட்டைக்குள் ஒரு கிழட்டு நாய் மூக்கைத் தூக்காமல் போய்க்கொண்டிருக்கிறது. இதுவரை நான் உங்கள் பின்னால் நடந்து வந்தேன். இங்கே நின்றுவிடுகிறேன்.

நான் நிற்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.