கல்லூரி விசாரிக்கப் போன மச்சான்

எங்கள் ஊரில் சம்பந்தம் பேசுவதென்றால், பெண் வீட்டார் முதலில் மாப்பிள்ளையின் தெருவுக்கு ஓர் ஆளை அனுப்புவார்கள். அவர் பக்கத்துக் கடையில் சோடா குடித்தபடி, பையன் குடிப்பானா, தாய் மேல் எரிந்து விழுவானா என்று மெல்ல விசாரித்துக்கொண்டு வருவார். விசாரிப்பது பையனுக்குத் தெரியக்கூடாது. இந்த முறையை நான் என் மகள் தாரகாவின் கல்லூரி விஷயத்தில் பயன்படுத்தினேன். பெரிய மூளைக்காரன் என்ற நினைப்பு.

தாரகாவுக்கு அமெரிக்காவில் இரண்டு சின்னக் கல்லூரிகளில் இடம் கிடைத்திருந்தது. லிபரல் ஆர்ட்ஸ் என்கிறார்கள். ஒரே பிள்ளை கவிதையும் படிக்கலாம், இரசாயனமும் படிக்கலாம். கல்லூரி முழுவதும் ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியும். ஒன்று குன்றின் மேல், மற்றது ஏரிக்கரையில். குன்றில் நீண்ட மேசைகளில் சேர்ந்திருந்து சாப்பாடு, வெள்ளிக்கிழமைகளில் நாடகம். ஏரியில் விளையாட்டுக் குழுக்கள், குழுவுக்கொரு பார்ட்டி. இரண்டின் வீடியோக்களையும் பார்த்துப் பார்த்து அவள் குழம்பிப்போயிருந்தாள். சனிக்கிழமை இரவுக்குள் ஒன்றைத் தெரிவுசெய்து சொல்லிவிட வேண்டும்.

என் பயம் வேறு. நான் ஊரை விட்டு வந்து ஆங்கிலேயரின் நாட்டில் பஸ் ஓட்டுகிறவன். முந்தைய குளிர்காலத்தில், பாடசாலை மதிய இடைவேளை நேரம், மோர்டனில் நான் ஓட்டிப்போன பாதையின் எதிர்ப்பக்கத்து பஸ் நிறுத்தத்தில் தாரகா தனியே இருந்து சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்ததைக் கண்டேன். மறுநாளும் கண்டேன். அதன் பிறகு அந்த வழித்தடத்தில் ஷிப்ட் கிடைத்தால் இன்னொருவருக்கு மாற்றிக் கொடுத்துவிடுவேன். அவளிடம் கேட்கவில்லை. மனைவியிடமும் சொல்லவில்லை.

அதனால்தான் அமெரிக்காவில் லொறி ஓட்டும் என் மனைவியின் தம்பி நிரூபனுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"மச்சான், ரெண்டு கொலிஜுக்கும் ஒருக்காப் போ. சாப்பிடுற இடத்தில போய் நிண்டு பார். பிள்ளையள் தனிய இருந்து சாப்பிடுதுகளோ எண்டு மட்டும் பார்த்துச் சொல்லு."

"இதுக்கு ஏன் அத்தான் இவ்வளவு ரகசியம்?"

"தாரகாவுக்குத் தெரிஞ்சா என்னைக் கொல்லுவாள்."

அந்தச் சனிக்கிழமை பின்னேரம் குரோய்டனில் அவளுக்குக் குளிர் சப்பாத்து வாங்கிக்கொண்டு டிராமில் வந்துகொண்டிருந்தோம். அமெரிக்காவில் அப்போது மதியச் சாப்பாட்டு நேரம். தாரகா போனைப் பார்த்தபடி நிமிர்ந்தாள்.

"அப்பா, குன்றுக் கொலிஜில ஏதோ பிரச்சினை. புதுசாச் சேரப்போறவையின்ர குரூப்பில போடுறாங்கள். டைனிங் ஹோலுக்குள்ள ஆரோ ஒரு ஆள் வந்து, தனிய இருக்கிற பெட்டையளையே பார்த்துக்கொண்டு நிக்கிறானாம்."

என் காது இரண்டும் சுட்டன.

"எப்பிடி ஆளாம்?"

"நடுத்தர வயது. மண்ணிறம். மீசை. பச்சை ஜக்கெட்."

அந்தப் பச்சை ஜக்கெட்டை மலிவு விற்பனையில் இரண்டாக வாங்கியவன் நான். ஒன்றை நிரூபனுக்கு அனுப்பினேன். மற்றதைப் போட்டுக்கொண்டிருந்தேன். டிராம் கண்ணாடியில் மீசை வைத்த ஒரு மண்ணிற மனிதன் பச்சை ஜக்கெட்டோடு என்னைப் பார்த்தான். பார்த்த பார்வையே சரியில்லை.

"பொலிசைக் கூப்பிட்டிட்டாங்களாம். எல்லாரையும் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ள இருக்கட்டாம்."

நிரூபனுக்கு எடுத்தேன். மணி அடித்தது, ஆள் இல்லை. திரும்ப எடுத்தேன். அடித்துக்கொண்டே இருந்தது.

நிரூபனுக்கு ஒரு பழக்கம் உண்டு. சண்டைக் காலத்தில் சோதனைச் சாவடிகளில் நின்று நின்று வந்த பழக்கம். சீருடை போட்டவனைக் கண்டால், யாரும் கேட்காமலே கை பொக்கற்றுக்குள் போகும், அடையாள அட்டை எடுக்க. ஊரில் அந்தக் கைதான் அவனைக் காப்பாற்றியது. அமெரிக்கப் பொலிசுக்கு முன்னால் அந்தக் கை என்ன செய்யும் என்று நினைத்தபடி மூன்றாந்தரமும் எடுத்தேன்.

"ஆருக்கு அப்பா எடுக்கிறீங்கள்?"

"நிரூபன் மாமாவுக்கு."

அவள் என் ஜக்கெட்டைப் பார்த்தாள். பிறகு என் முகத்தை.

"ஐயோ அப்பா! மாமாவை ஏன் அங்க அனுப்பினீங்கள்?"

"நீ தனிய இருந்து சாப்பிடக்கூடாதெண்டுதான் பிள்ளை. மோர்டன் பஸ் ஸ்டொப்பில…"

"கண்டனீங்களா?"

"ஓம்."

அவள் சப்பாத்துப் பெட்டியை மடியிலிருந்து கீழே வைத்தாள்.

"ஒருக்கா ஹோர்ன் அடிச்சிருக்கலாமே."

அவளுடைய போன் மறுபடி மினுங்கியது. "பிடிச்சிட்டாங்களாம்," என்றாள். வேறொன்றும் எழுதியிருக்கவில்லை. எப்படிப் பிடித்தார்கள், ஆள் எப்படி இருக்கிறான், ஒன்றுமில்லை. மனைவிக்கு என்ன சொல்வது என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். ஒரு வசனமும் முடியவில்லை.

டிராம் நாலைந்து தரிப்பிடம் தாண்டியபிறகு என் போன் அடித்தது.

"அத்தான், உயிரோட இருக்கிறன்."

"கையைப் பொக்கற்றுக்குள்ள விட்டனியா?"

"விடப் போனனான். ஒருத்தன் துவக்கை நீட்டிக்கொண்டு கத்தினான். கை அந்தரத்தில நிண்டிட்டுது. இனி இந்தப் பக்கம் கால் வைக்கக்கூடாதெண்டு சொல்லி விட்டிட்டாங்கள்."

"ஏன்ரா பெட்டையளைப் பார்த்துக்கொண்டு நிண்டனீ?"

"நீங்கள்தானே பார்க்கச் சொன்னனீங்கள்!"

தாரகா போனைப் பறித்தாள். "மாமா, ஐ ஆம் சொறி மாமா. அங்க என்ன நடந்தது?"

"ஒரு பிள்ளை தனிய இருந்தது பிள்ளை. சாப்பிட்டியோ எண்டு கேட்டன். பயந்திட்டுது. உடன பக்கத்து மேசையள் எல்லாம் எழும்பி வந்து அவளைச் சுத்தி இருந்திட்டுதுகள். என்னை முறைச்ச முறைப்பு!"

"ஏரிக் கொலிஜில?"

"அங்க போன கிழமை போனனான். ஒரு கரைச்சலும் இல்லை. வடிவாச் சாப்பிட்டன். ஐஸ்கிரீமும் ரெண்டாந்தரம் எடுத்தன். ஒரு குருவியும் திரும்பிப் பார்க்கேல்லை. நல்ல சனம்."

போனை என்னிடம் தந்துவிட்டுத் தாரகா தன்னுடையதைத் திறந்தாள்.

"குன்றுக்குத்தான் போறன்."

"பிள்ளை, உன்ர மாமனுக்குத் துவக்கு நீட்டின இடம்!"

"தெரியும்."

"அந்தப் பிள்ளையைச் சுத்தி இருந்ததுகள், சரி. உன்னையும் சுத்தி இருப்பினமோ? இல்லாட்டி மாமனைப் போல உன்னையும் கண்டு பயந்து எழும்பிப் போய் வேற ஆரையாவது சுத்தி இருப்பினமோ?"

அவளுடைய பெருவிரல் திரைக்கு மேலே நின்றது.

"எனக்கும் அதுதான் பயம்," என்றாள். "ஆனா ஏரியில மாமாவை ஒருத்தரும் காணவேயில்லை அப்பா. அப்பிடி ஒரு பஸ் ஸ்டொப்பில நான் இருந்து பார்த்திட்டன்."

விரலை வைத்து அழுத்தினாள்.

மிட்சம் ஜங்ஷன் தரிப்பிடத்தில் இறங்க எழும்பியபோது என் கையைப் பிடித்தாள். "என்னைக் கொலிஜில கொண்டுபோய் விட வரேக்க இந்த ஜக்கெட்டைப் போடாதேங்கோ."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

வெளியே காற்று ஊசியாகக் குத்தியது. பழக்கத்தில் கைகளைப் பொக்கற்றுக்குள் விடப்போனவன், நிறுத்தினேன். வீடு வரைக்கும் இரண்டு கைகளையும் வெளியே தொங்கவிட்டபடி நடந்தேன். அமெரிக்காவுக்குப் போவதென்றால் இப்போதிருந்தே பழகினால்தான் சரிவரும்.